மேகக் கணினி நகலாக்கமும் பேரிடர் மீட்பும்

மேகக் கணினி நகலாக்கம் என்பது ஒரு தரவு மையத்தில் இயங்கும் மெய்நிகர் கணினியின் வட்டில் ஏற்படும் மாற்றங்களைத் தொலைவிலுள்ள மற்றொரு தரவு மையத்துக்குத் தொடர்ந்து படியெடுத்து அனுப்பும் முறையாகும். தீ, வெள்ளம், நிலநடுக்கம், நீண்ட மின்தடை போன்றவற்றால் முதல் மையம் செயலிழந்தால், இரண்டாம் மையத்தில் உள்ள படியிலிருந்து அதே கணினியை எழுப்பிப் பணியைத் தொடரலாம். இந்த ஏற்பாடு முழுவதும் பேரிடர் மீட்பு எனப்படுகிறது.

நகலாக்கம் பேரிடர் மீட்பின் ஒரு பகுதி மட்டுமே. நல்லதையும் கெட்டதையும் நகல் ஒரே விதமாகப் படியெடுக்கும் என்பதால் காப்புநகலும், எழுதி வைத்த திட்டமும், ஒத்திகையும் சேர்ந்தால்தான் அது முழுமை பெறுகிறது. இதை உணராமல் பெரிய நிறுவனங்களும் தரவை இழந்துள்ளன.

பின்னணி

ஒரே இயற்பியல் கணினிக்குள் மென்பொருளின் துணையால் இயங்கும் தனித்தனிக் கணினிகளே மெய்நிகர் கணினிகள். இக்கருத்து 1960-களில் ஐபிஎம் நிறுவனத்தின் பெருங்கணினிகளில் தோன்றியது. 1998-இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் இதைச் சாதாரண வழங்கிகளுக்கும் கொண்டுவந்தது. 2006-இல் அமேசான் தன் இசி2 சேவையைத் தொடங்கியபின், மெய்நிகர் கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் வழக்கம் பரவியது.

முன்பு பேரிடர் மீட்புக்கு ஒரே வழிதான் இருந்தது. முதல் மையத்தில் உள்ளவற்றைப் போன்ற கருவிகளை வாங்கி, வேறோர் ஊரில் ஒரு கட்டடத்தில் அடுக்கி, பயன்பாடின்றி வைத்திருக்க வேண்டும். இது வங்கிகளுக்கும் பெருநிறுவனங்களுக்கும் மட்டுமே கட்டுப்படியாயிற்று.

மெய்நிகர் கணினி வந்தபின் நிலைமை மாறியது. அதன் இயங்குதளமும் செயலிகளும் தரவும் வட்டுக் கோப்புகளாகவே உள்ளன. கோப்பை வேறிடத்துக்கு அனுப்ப முடியும் என்றால் கணினியையே அனுப்ப முடியும். மைக்ரோசாப்டின் அசூர் சைட் ரிக்கவரி, அமேசானின் எலாஸ்டிக் டிசாஸ்டர் ரிக்கவரி ஆகியவை இன்று இப்பணியைச் செய்யும் பரவலான சேவைகள்.

இரண்டு அளவுகோல்கள்

எந்தப் பேரிடர் மீட்புத் திட்டமும் இரண்டு கேள்விகளில் தொடங்குகிறது.

முதலாவது: எவ்வளவு நேரத் தரவை இழக்கலாம்? இது மீட்புப் புள்ளி இலக்கு எனப்படும். ஆங்கில முதலெழுத்துகளால் ஆர்பிஓ என்பர்.

இரண்டாவது: எவ்வளவு நேரம் சேவை நின்றிருக்கலாம்? இது மீட்பு நேர இலக்கு, அதாவது ஆர்டிஓ.

ஒரு கல்லூரியின் கட்டணச் சேவை காலை 10:00 மணிக்கு நின்றுவிட்டதாகக் கொள்ளலாம். இரண்டாம் மையத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்த முழுமையான படி 9:55 மணிக்குரியது. அதைக் கொண்டு 10:40-க்குச் சேவை மீண்டும் தொடங்குகிறது. இங்கே தரவு இழப்பு 5 நிமிடம். சேவை நின்ற நேரம் 40 நிமிடம். அந்த 5 நிமிடத்தில் பணம் கட்டிய மாணவர்களின் பதிவுகள் படியில் இருக்கமாட்டா. அவற்றை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுக் கையால் சேர்க்க வேண்டியிருக்கும்.

இவ்விரு எண்களையும் கணினித் துறையினர் மட்டும் முடிவு செய்ய இயலாது. ஒரு நூலகப் பட்டியல் ஒருநாள் நின்றால் பெரிய கேடில்லை. மருத்துவமனையின் நோயாளிப் பதிவேடு ஒருமணி நேரம் நின்றாலும் கேடு. எனவே சேவையை நடத்துபவர்களே இலக்கைச் சொல்ல வேண்டும். இலக்கு சிறிதாகச் சிறிதாகச் செலவு கூடும்.

செயற்படும் முறை

நிறுவனத்துக்கு நிறுவனம் நுணுக்கங்கள் மாறினாலும் அடிப்படை ஒன்றே.

1. தொடக்கப் படி: பாதுகாக்க வேண்டிய கணினியின் வட்டு முழுவதும் ஒருமுறை இரண்டாம் வட்டாரத்துக்குப் படியெடுக்கப்படுகிறது. வட்டின் அளவைப் பொறுத்து இதற்குச் சில மணி முதல் சில நாள் வரை ஆகலாம்.

2. மாற்றங்களைப் பிடித்தல்: கணினிக்குள் நிறுவப்படும் ஒரு சிறு முகவர் மென்பொருள், வட்டில் எழுதப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் கவனித்துப் படியெடுக்கிறது. மாறிய கட்டங்கள் மட்டுமே அனுப்பப்படுவதால் போக்குவரத்து குறைகிறது.

3. இடைத்தங்கல்: அசூர் முறையில் மாற்றங்கள் முதலில் மூல வட்டாரத்திலேயே ஒரு தற்காலிகச் சேமிப்பகத்தில் விழுந்து, அங்கிருந்து இலக்கு வட்டாரத்துக்குச் செல்கின்றன. அமேசான் முறையில் இலக்கு வட்டாரத்தில் விலை குறைந்த சிறு வழங்கிகள் அவற்றைப் பெற்று வட்டில் எழுதுகின்றன.

4. மீட்புப் புள்ளிகள்: வந்து சேர்ந்த மாற்றங்களிலிருந்து, குறித்த நேரத்து நிலையைக் காட்டும் புள்ளிகள் உருவாகின்றன. அசூரில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை இத்தகைய புள்ளி உண்டாகிறது. இவற்றை அதிகபட்சம் 15 நாள் வரை வைத்திருக்கலாம்.

5. எழுப்புதல்: பேரிடரின்போது ஒரு மீட்புப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தால், அந்த வட்டுகளோடு புதிய மெய்நிகர் கணினி இலக்கு வட்டாரத்தில் உருவாகி இயங்கத் தொடங்குகிறது.

அதுவரை இலக்கு வட்டாரத்தில் முழுக் கணினி இயங்குவதில்லை. வட்டுகள் மட்டுமே காத்திருக்கின்றன. இதனால் வட்டுக்கும் போக்குவரத்துக்கும் சேவைக்கும் மட்டும் பணம் செலுத்தினால் போதும். கருவிகளை வாங்கி அடுக்கிய பழைய முறையோடு ஒப்பிட்டால் இதுவே மேகக் கணிமையின் பெரும் சிக்கனம்.

தொலைவும் நேரமும்

நகலாக்கம் இருவகைப்படும். உடன்நிகழ் நகலாக்கத்தில், இரண்டு இடங்களிலும் எழுதி முடித்த பிறகே "எழுதியாயிற்று" என்ற விடை செயலிக்குக் கிடைக்கும். எனவே தரவு இழப்பு இல்லை. பின்தொடர் நகலாக்கத்தில், முதல் இடத்தில் எழுதியவுடன் விடை கிடைத்துவிடும். இரண்டாம் இடத்துக்கு மாற்றம் சற்றுப் பிந்திச் சேரும்.

இழப்பே இல்லாத முதல் வகையை எங்கும் பயன்படுத்தாததற்குக் காரணம் இயற்பியல். ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. மைக்ரோசாப்டின் தென்னிந்திய வட்டாரம் சென்னையிலும், அதற்கு இணையாக்கப்பட்ட மத்திய இந்திய வட்டாரம் புனேயிலும் உள்ளன. இவ்விரு நகரங்களுக்கும் நேர்த்தொலைவு சுமார் 900 கிலோமீட்டர். போய்த் திரும்ப 1,800 கிலோமீட்டர். இழை நேர்கோட்டிலேயே சென்றாலும் 9 மில்லிநொடி ஆகும். ஒன்றன்பின் ஒன்றாக எழுதும் ஒரு தரவுத்தளம் ஒவ்வொரு முறையும் இவ்வளவு நேரம் காத்திருந்தால், நொடிக்கு ஏறத்தாழ 110 முறைதான் எழுத முடியும். பரபரப்பான சேவைக்கு இது போதாது.

ஆகவே சில பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ள மண்டலங்களிடையே உடன்நிகழ் நகலாக்கமும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள வட்டாரங்களிடையே பின்தொடர் நகலாக்கமும் பயன்படுகின்றன. அருகிலிருந்தால் இழப்பு இல்லை, ஆனால் ஒரே வெள்ளம் இரண்டையும் பாதிக்கலாம். தொலைவிலிருந்தால் வெள்ளம் எட்டாது, ஆனால் சில நிமிடத் தரவு போகலாம். இரண்டையும் ஒருங்கே பெற முடியாது என்பதால், முக்கியமான சேவைகள் இரண்டு முறைகளையும் சேர்த்துக் கையாளுகின்றன.

ஒரு சிறு கணக்கு

பின்தொடர் நகலாக்கத்தில் இணைப்பின் வேகம் போதுமா என்று முன்பே கணக்கிட வேண்டும். ஒரு கணினியின் வட்டில் நாளொன்றுக்கு 100 ஜிகாபைட் மாறுகிறது எனில், அது 800 ஜிகாபிட். ஒரு நாளில் 86,400 நொடிகள். வகுத்தால் சராசரி நொடிக்குச் சுமார் 9.3 மெகாபிட். 50 மெகாபிட் இணைப்பு தாராளம் என்றே தோன்றும்.

ஆனால் மாற்றங்கள் நாள் முழுவதும் சீராக வருவதில்லை. இரவுக் கணக்கு முடிப்பின்போது ஒரே மணி நேரத்தில் 40 ஜிகாபைட் மாறினால், நொடிக்குச் சுமார் 89 மெகாபிட் தேவை. 50 மெகாபிட் இணைப்பு அந்த மணி நேரத்தில் 22.5 ஜிகாபைட்டை மட்டுமே கடத்தும். மீதி 17.5 ஜிகாபைட் வரிசையில் நிற்கும். அந்நேரத்தில் முதல் மையம் விழுந்தால் இழப்பு 5 நிமிடமாக இராது. அரை மணிக்கும் மேலாகலாம். இணைப்பின் அளவை உச்ச நேரத்தை வைத்தே தீர்மானிக்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

படியின் ஒருமைப்பாடு

மீட்புப் புள்ளிகளிலும் இருவகை உண்டு. முதல் வகை, திடீரென்று மின்சாரம் போனால் வட்டு எந்நிலையில் இருக்குமோ அந்நிலையைப் பிடிப்பது. நினைவகத்தில் இருந்து வட்டுக்கு வராதவை இதில் இருக்கமாட்டா. இரண்டாம் வகையில், செயலியிடம் முன்கூட்டியே சொல்லி, நினைவகத்தில் உள்ளவற்றை வட்டில் எழுத வைத்து, பிறகு படியெடுக்கப்படும். விண்டோசில் நிழற்படிச் சேவை இதற்கு உதவுகிறது. இரண்டாம் வகை பாதுகாப்பானது; ஆனால் கணினிக்குச் சுமை என்பதால் அடிக்கடி எடுப்பதில்லை.

வேறொரு சிக்கலும் உண்டு. ஒரு சேவை பெரும்பாலும் ஒரே கணினியில் இயங்குவதில்லை. இணையப் பக்கம் ஒன்றில், செயலி ஒன்றில், தரவுத்தளம் இன்னொன்றில் இருக்கும். ஒன்று 9:55 நிலையிலும் மற்றொன்று 9:50 நிலையிலும் எழுந்தால், பணம் பெற்றதாக ஒன்றும் பெறவில்லை என மற்றொன்றும் சொல்லும். எனவே சேர்ந்து இயங்கும் கணினிகளை ஒரே குழுவாக்கி, ஒரே கணத்துக்குரிய புள்ளிகளை எடுக்கும் வசதி பயன்படுத்தப்படுகிறது.

இடமாற்றமும் திரும்புதலும்

பணி இரண்டாம் மையத்துக்கு மாறுவது ஃபெயில்ஓவர் எனப்படும். கணினியை எழுப்புவது இதில் எளிய பகுதி. பயனர்களை அங்கே அழைத்து வருவதே கடினம். புதிய வட்டாரத்தில் கணினியின் முகவரி மாறியிருக்கும். இணையப் பெயரைப் புதிய முகவரிக்குத் திருப்ப வேண்டும். பழைய முகவரியை 24 மணி நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று அந்தப் பெயர்ப் பதிவில் குறித்திருந்தால், கணினி 10 நிமிடத்தில் எழுந்தும் பயன் குறைவு. தீச்சுவர் விதிகள், கடவுச்சொல் சேவை, சான்றிதழ்கள், உரிமங்கள் ஆகியவையும் அங்கே தயாராக இருக்க வேண்டும்.

முதல் மையம் சீரானபின் பணியைத் திருப்பிக் கொண்டுவருவது ஃபெயில்பேக். அதற்குமுன் இரண்டாம் மையத்திலிருந்து முதல் மையத்துக்கு எதிர்த்திசையில் நகலாக்கம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பேரிடர்க் காலத்தில் சேர்ந்த தரவு அங்கேயே தங்கிவிடும்.

நகலும் காப்புநகலும்

ஊழியர் ஒருவர் தவறுதலாக ஓர் அட்டவணையை அழித்தால், அந்த அழிப்பும் ஒரு மாற்றமே. சில நொடிகளில் அது இரண்டாம் மையத்துக்கும் போய்ச் சேரும். பணயத் தீநிரல் கோப்புகளைப் பூட்டினாலும் அப்படியே. சில நாள் வரையிலான மீட்புப் புள்ளிகள் ஓரளவு உதவும். தவறு அதற்குப் பிறகு தெரியவந்தால் அவையும் உதவமாட்டா. எனவே மாதக்கணக்கில் வைத்திருக்கும், தனி அனுமதியால் பூட்டப்பட்ட காப்புநகல் நகலாக்கத்துக்கு அப்பாலும் தேவை.

கிட்லேப் நிகழ்வு: நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்லேப் இணையத்தளம் அப்போது மைக்ரோசாப்டின் அசூர் மேகத்தில் இயங்கியது. 2017 சனவரி 31 அன்று அதன் இரண்டாம் தரவுத்தளம் நகலாக்கத்தில் பின்தங்கியது. அதைச் சரிசெய்ய முனைந்த பொறியாளர் ஒருவர், இரண்டாம் வழங்கியில் அழிப்பதாக எண்ணி முதன்மை வழங்கியின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிகாபைட் போயிற்று. காப்புநகலைத் தேடியபோதுதான், நாள்தோறும் எடுக்கப்படவேண்டிய படிகள் மென்பொருள் பதிப்புப் பொருந்தாமையால் தோற்றுக்கொண்டே இருந்தது தெரிந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் எவருக்கும் சென்று சேரவில்லை. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் ஒரு சோதனைக்காகப் பொறியாளர் தற்செயலாக எடுத்திருந்த ஸ்னாப்ஷாட் ஒன்றே தளத்தைக் காப்பாற்றியது. இடைப்பட்ட 6 மணி நேரத் தரவு திரும்பவில்லை. நிறுவனம் நடந்தது அனைத்தையும் பொதுவெளியில் எழுதி வெளியிட்டது.

யூனிசூப்பர் நிகழ்வு: ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியம் யூனிசூப்பர். அது கூகுள் மேகத்தில் இரண்டு புவியிடங்களில் தன் கணினிகளை வைத்திருந்தது. 2024 மே மாதத்தில் அதன் தனியார் மேகச் சந்தா நீக்கப்பட்டபோது, இரண்டு இடங்களிலும் நீங்கியதாக இரு நிறுவனங்களும் கூட்டாக அறிவித்தன. முன்பு அமைப்பை உருவாக்கியபோது ஓர் அளவுரு வெற்றாக விடப்பட்டதே காரணம் எனக் கூகுள் பின்னர் விளக்கியது. யூனிசூப்பர் வேறொரு நிறுவனத்திடமும் காப்புநகல் வைத்திருந்ததால் மீட்பு முடிந்தது; ஆயினும் உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க ஒரு வாரத்துக்கும் மேல் காத்திருந்தனர். இடம் இரண்டானாலும் கணக்கு ஒன்றே என்றால் ஆபத்தும் ஒன்றே என்பதற்கு இது சான்று.

ஒரே வளாகத்தின் ஆபத்து

பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையங்கள் ஒரே வளாகத்தில் அருகருகே இருந்தன. 2021 மார்ச் 10 அதிகாலையில் அங்கே தீப்பற்றி, எஸ்பிஜி2 என்னும் ஐந்தடுக்குக் கட்டடம் முற்றாக எரிந்தது. எஸ்பிஜி1-இன் ஒரு பகுதியும் சேதமடைந்தது. மற்ற இரண்டும் நிறுத்தப்பட்டன. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் படியை வேறு ஊரில் வைத்திராத வாடிக்கையாளர்கள் பலர் தரவை நிரந்தரமாக இழந்தனர். மேகத்தில் வைத்தாலே படி தானாக உண்டாகிவிடும் என்று நினைத்தவர்கள், அதற்குத் தனியே ஏற்பாடு செய்து பணமும் கட்ட வேண்டும் என்பதை அன்று அறிந்தனர்.

தென்கொரியாவின் தேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று, லித்தியம் மின்கலங்களை இடம்மாற்றும் பணியின்போது தீப்பிடித்தது. 709 அரசுத் தகவல் அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்கள் பணிக்கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்னும் மேகச் சேமிப்பகத்தின் 858 டெராபைட் தரவு அழிந்தது. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியே படி வைக்கப்படவில்லை.

ஒத்திகை

பேரிடர் மீட்பில் மிகுதியும் தவிர்க்கப்படும் பகுதி ஒத்திகையே. ஆனால் அது கடினமானதன்று. அசூரிலும் அமேசானிலும் நகலாக்கத்தை நிறுத்தாமலே, தனித்த ஒரு வலைப்பின்னலில் கணினிகளை எழுப்பிப் பார்த்து, பின்னர் நீக்கிவிடலாம். நடப்புச் சேவைக்கு இடையூறு வராது. இதனால் தெரியவருபவை: கணினி எழுகிறதா, உண்மையில் எத்தனை நிமிடம் ஆகிறது, தரவுத்தளம் திறக்கிறதா, எந்த அமைப்பு விடுபட்டுள்ளது.

அடுத்து, மாறுவது என்று முடிவெடுப்பவர் யார் என்பதும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். சில நிமிடத் தரவை விட்டுக்கொடுக்கும் முடிவு என்பதால் பொறுப்பாளர்கள் தயங்குவது இயல்பு. மேகத்தில் இயங்காத அமைப்புகளுக்கும் இது பொருந்தும். மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தையின் மீட்பு மையம் சென்னையில் உள்ளது. 2021 பிப்ரவரி 24 அன்று காலை 11:40 மணிக்குச் சந்தையின் வணிகம் நின்றது; பிற்பகல் 3:45-க்கே மீண்டும் தொடங்கியது. அன்று பணி மீட்பு மையத்துக்கு மாற்றப்படவில்லை. 2024 மார்ச் 2, சனிக்கிழமையன்று அதே சந்தை முதல் அமர்வை முதன்மை மையத்திலும் அடுத்ததை மீட்பு மையத்திலும் வைத்து, உண்மையான வணிகத்தோடே ஒத்திகை நடத்தியது.

சரிபார்க்க வேண்டியவை

- ஆர்பிஓ, ஆர்டிஓ இரண்டும் எழுத்தில் உள்ளனவா? சேவையை நடத்துபவர் ஒப்புக்கொண்டாரா?
- இரண்டாம் இடம் வேறு நகரத்தில் உள்ளதா?
- நகலாக்கம் பின்தங்கினால் எச்சரிக்கை வருகிறதா? அது ஒருவரின் கண்ணில் படுகிறதா?
- வேறு கணக்கிலோ வேறு நிறுவனத்திடமோ காப்புநகல் உண்டா?
- மீட்புக் குறிப்பேடு, முதல் மையம் எரிந்தாலும் படிக்கக்கூடிய இடத்தில் உள்ளதா?
- இலக்கு வட்டாரத்தில் தேவையான அளவு கணினிகளை எழுப்ப ஒதுக்கீடு உண்டா?
- கடைசி ஒத்திகை எப்போது நடந்தது?

இவற்றுள் கடைசிக் கேள்விக்குத் தேதியோடு விடை இருந்தால், மற்றவற்றுக்கும் பெரும்பாலும் விடை கிடைத்திருக்கும். ஒத்திகையில் ஒருமுறையேனும் எழுப்பிப் பார்க்கப்படாத நகல், தேவைப்படும் நாளில் எழும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.